அந்நிய மண்ணில் ஓர் அறை

(ஜும்ஆ உரை)

அகிலங்கள் அனைத்தையும் படைத்துப் பரிபாலித்து வரும் ஏக இறைவனாகிய அல்லாஹ் ஜல்லஷானஹு வதஆலாவுக்கே எல்லாப் புகழும். அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது முஸ்தஃபா (ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்) அவர்கள் மீதும், அவர்களின் பரிசுத்தக் குடும்பத்தார் மீதும், சத்திய ஸஹாபாக்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

  

அல்லாஹ் மனிதனுக்கு அருளிய நிஃமத்துகளை எடுத்துரைக்கும் அந்நஹ்லு அத்தியாயத்தின் 80 ஆவது வசனத்தில், நம்முடைய இல்லங்களை நமக்கு அமைதி தரும் தங்குமிடமாகத் தானே ஆக்கியிருப்பதாகக் கூறுகிறான். அங்கே அவன் கையாளும் சொல் ‘ஸகன்’ என்பது. வெறும் சுவரும் கூரையும் ஸகன் ஆகிவிடாது. உடல் ஓய்வு பெற வேண்டும். உள்ளம் அச்சமற்றிருக்க வேண்டும். மானம் காக்கப்பட வேண்டும். இம்மூன்றும் சேர்ந்தால்தான் அது ஸகன்.

இந்த அளவுகோலை வைத்துக் கொண்டு, கடல் கடந்து வாழும் நம் பிள்ளைகளின் அறையை இன்று சற்று எட்டிப் பார்ப்போம். பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, நெல்லிக்குப்பம், மங்கலம்பேட்டை, கொள்ளுமேடு, ஆயங்குடி, சிதம்பரம், கடலூர் என்று நம் மாவட்டத்தின் எந்த ஜமாஅத்தை எடுத்துக் கொண்டாலும் சபராளிகள் இல்லாத தெரு இல்லை. மகன் எந்த நாட்டில் இருக்கிறான், எவ்வளவு சம்பளம், எப்போது விடுமுறை என்பதெல்லாம் வீட்டாருக்குத் தெரியும். ‘அவன் எங்கே படுத்துத் தூங்குகிறான்?’ என்று கேட்டால் பல வீடுகளில் பதில் இருப்பதில்லை.

மத்யனுக்கு வந்த அந்நியர்

பிழைப்பு தேடிப் பயணம் போவது இழிவன்று. அல்முஸ்ஸம்மில் அத்தியாயத்தின் இறுதி வசனத்தில், அல்லாஹ்வின் அருளைத் தேடிப் பூமியில் பயணம் செய்வோரை, அவனுடைய பாதையில் போரிடுவோருக்கு அருகிலேயே வைத்து அல்லாஹ் குறிப்பிடுகிறான். ஹலாலான சம்பாத்தியத்திற்காக வெளியூர் செல்பவருக்கு இதைவிட வேறென்ன சிறப்பு வேண்டும்?

நபிமார்களிலேயே ஒருவர் வெளிநாட்டுத் தொழிலாளியாக வாழ்ந்திருக்கிறார். எகிப்திலிருந்து தப்பி மத்யனுக்கு வந்த ஹழ்ரத் மூஸா (அலைஹிஸ்ஸலாம்) அவர்களின் வரலாற்றை அல்கஸஸ் அத்தியாயத்தில் விரிவாகக் காண்கிறோம். கையில் காசில்லை, ஊரில் அறிந்த முகமில்லை, தங்க இடமில்லை. இரண்டு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்துவிட்டு ஒரு நிழலில் ஒதுங்கி, அல்லாஹ் இறக்கி வைக்கும் எந்த நன்மைக்கும் தாம் தேவையுடையவராக இருப்பதாக முறையிட்டார்கள். அந்த துஆ ஏற்கப்பட்டது. வேலை, இருப்பிடம், இல்லறம் ஆகிய மூன்றையும் ஒரே வாசலில் அல்லாஹ் அவர்களுக்குக் கொடுத்தான்.

அப்போது நடந்த உடன்படிக்கையை நாம் கவனிக்க வேண்டும். தவணை பேசப்பட்டது: எட்டு ஆண்டுகள், பத்தாக நிறைவு செய்வது மூஸா (அலை) அவர்களின் விருப்பம். வேலை பேசப்பட்டது. பகரம் பேசப்பட்டது. வேலை கொடுத்த அந்தப் பெரியவர், உமக்குச் சிரமம் கொடுக்க நான் விரும்பவில்லை என்று தாமாகவே உறுதி கூறினார். மூஸா (அலை) அவர்களும், இரு தவணைகளில் எதை நிறைவேற்றினாலும் தம் மீது வரம்பு மீறல் கூடாது என்று தெளிவுபடுத்திக் கொண்டு, அல்லாஹ்வையே பொறுப்பாளனாக்கினார்கள். அவர்கள் கூடுதலான தவணையையே நிறைவு செய்தார்கள் என ஹழ்ரத் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் கூறும் செய்தி புகாரி ஷரீபில் இடம் பெற்றுள்ளது.

இன்று ஏஜெண்டு ஒருவர், ‘ரூம் ஃப்ரீ, சாப்பாடு ஃப்ரீ’ என்று இரண்டு வார்த்தை சொல்கிறார். நாம் பெட்டியைக் கட்டிவிடுகிறோம். எந்த ஊரில் ரூம்? ஓர் அறையில் எத்தனை பேர்? வேலை செய்யுமிடம் எவ்வளவு தூரம்? மின்கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும் யார் பொறுப்பு? சம்பளத்தில் பிடிப்பார்களா? இவற்றில் ஒன்றும் எழுத்தில் இருப்பதில்லை. கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்ளுமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282 ஆவது வசனத்தில் அல்லாஹ் நமக்குக் கற்றுத் தந்திருக்க, எழுதிக் கேட்பதை நாம் அவநம்பிக்கை என்று எண்ணி வெட்கப்படுகிறோம். நபி ஒருவரே பேசித் தெளிவுபடுத்திக் கொண்ட விஷயத்தில் நமக்கு என்ன வெட்கம்?

மங்காஃபில் விடிந்த காலை

சகோதரர்களே! 2024 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12 ஆம் நாள், புதன்கிழமை. துல்ஹஜ் மாதத்தின் சிறப்பு மிக்க முதல் பத்து நாட்கள். குவைத்தின் மங்காஃப் பகுதியில், 190 க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் தங்கியிருந்த ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தில், பலரும் அயர்ந்து உறங்கிக் கொண்டிருந்த அதிகாலை வேளையில் தீப்பிடித்தது. கீழ்த்தளத்தில் இருந்த காவலாளியின் அறையில் ஏற்பட்ட மின்கசிவே காரணம் என்று அந்நாட்டுத் தீயணைப்புத் துறை பின்னர் அறிவித்தது. அறைகளைப் பிரிக்க எளிதில் தீப்பற்றும் பொருட்களால் தடுப்புகள் அமைக்கப்பட்டிருந்தன. அவை எரிந்து கரும்புகை எழுந்து மாடிப்படி வழியாக மேலேறியது. மொட்டை மாடிக்கு ஓடியவர்கள் அங்கே கதவு பூட்டியிருந்ததால் திரும்ப நேர்ந்தது என்று செய்திகள் கூறின. இறந்தவர்களில் பெரும்பாலோர் நெருப்பில் கருகி இறக்கவில்லை. புகையில் மூச்சுத் திணறியே மாண்டார்கள்.

மொத்தம் 50 உயிர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நம் இந்திய நாட்டவர். தமிழகத்தைச் சேர்ந்தவர்கள் 7 பேர். அந்த ஏழு பேரில் ஒருவர் நம் கடலூர் மாவட்டத்தவர். ஜூன் 14, வெள்ளிக்கிழமை, 45 இந்தியர்களின் உடல்களைச் சுமந்து கொண்டு இந்திய விமானப் படையின் விமானம் கொச்சிக்கு வந்து இறங்கியது. ஈதுல் அள்ஹாவுக்கு மூன்று நாட்களே இருந்தன. அந்தப் பெட்டிகளுக்குள் இருந்தவர்களில் இந்துவும் கிறிஸ்தவரும் முஸ்லிமும் உண்டு. எல்லோருக்கும் ஒரே கட்டிடம், ஒரே புகை, ஒரே பூட்டிய கதவு.

அதற்கு முந்தைய ஆண்டு, 2023 ஏப்ரல் 15 அன்று, ரமழானின் இறுதிப் பத்தில், துபாய் தேரா பகுதியின் அல்ராஸில் ஒரு குடியிருப்புக் கட்டிடம் தீப்பிடித்து 16 பேர் இறந்தனர். தமிழர்கள் இருவரும் அவர்களுள் அடக்கம். இறந்தவர்களில் கேரளத்தைச் சேர்ந்த இந்துத் தம்பதியர், அண்டை அறைகளில் இருந்த நோன்பாளிகள் நோன்பு திறப்பதற்காக உணவு தயாரித்துக் கொண்டிருந்ததாக அன்றைய செய்திகள் தெரிவித்தன. அண்டை வீட்டாரின் ஹக்கு என்று மிம்பரில் நாம் பேசுவதை அவர்கள் வாழ்ந்து காட்டிக் கொண்டிருந்த வேளை அது.

பெருமானார் (ஸல்) அவர்கள் காலத்திலும் மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு அதில் இருந்தவர்களோடு எரிந்து போயிற்று. அந்தச் செய்தி நபிகளாருக்கு எட்டியபோது, நெருப்பு உங்களுக்குப் பகையாகும், ஆகவே உறங்கப் போகும்போது அதனை அணைத்துவிடுங்கள் என்னும் கருத்தில் அறிவுறுத்தினார்கள். ஹழ்ரத் அபூமூஸா (ரழி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. எலி ஒன்று விளக்குத் திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்பதையும் அவர்கள் விட்டு வைக்காமல் எச்சரித்தார்கள். தடுப்புச் சுவர் இல்லாத மாடியில் உறங்குபவரைக் குறித்து, அவருக்கான பாதுகாப்புப் பொறுப்பு நீங்கிவிடுகிறது என்று கண்டித்த செய்தி அபூதாவூதில் இருக்கிறது.

இவற்றிலிருந்து நாம் விளங்குவது என்ன? படுக்கும் இடத்தின் பாதுகாப்பு மார்க்கத்துக்கு வெளியே உள்ள உலக விவகாரம் அன்று. அது தீனின் ஒரு பகுதி. ‘விதி வந்தால் எங்கே இருந்தாலும் சாவு வரும்’ என்று சொல்லிவிட்டு ஒரே பிளக்கில் நான்கு ஒயர்களைச் செருகுவது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்பு ஒப்படைக்கச் சொன்னவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். விதியை நம்புகிறவன்தான் முதலில் கயிற்றைத் தேட வேண்டும்.

நான்கு முஸல்லாவின் இடம்

தொழிலாளியின் தங்குமிடத்திற்கு நாடுகள் சட்டம் இயற்றியிருக்கின்றன. ஐக்கிய அரபு அமீரகம் 2009 ஆம் ஆண்டில் வகுத்த விதியின்படி ஒரு தொழிலாளிக்குக் குறைந்தது 3 சதுர மீட்டர் இடம் இருக்க வேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள்: நாம் தொழும் முஸல்லாவில் நான்கை விரித்தால் அடங்கிவிடும் இடம் அது. சட்டம் கேட்பதே அவ்வளவுதான். அதுவும் கிடைக்காதவர்கள் எத்தனை பேர்! பகல் வேலைக்காரர் எழுந்து போனதும் இரவு வேலைக்காரர் அதே கட்டிலில் வந்து படுக்கும் அறைகள் இருக்கின்றன.

சிங்கப்பூரில் 2020 ஆம் ஆண்டு கொரோனா நோய் பரவியபோது நிகழ்ந்ததை நாம் மறந்துவிட முடியாது. விடுதிகளில் தங்கியிருந்த ஏறத்தாழ 3,23,000 வெளிநாட்டுத் தொழிலாளர்களில் 47 விழுக்காட்டினருக்கு, அதாவது கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு, அந்நோய் தொற்றியிருந்தது என்று அவ்வாண்டு டிசம்பரில் அந்நாட்டு அரசு வெளியிட்ட விவரங்கள் காட்டின. தமிழர்களும் வங்காளதேசத்தவரும் பெரும் எண்ணிக்கையில் தங்கிய விடுதிகள் அவை. இடைவெளி விட்டு நில் என்று உலகமே முழங்கியபோது, இடைவெளி விடுவதற்கு அங்கே இடமே இருக்கவில்லை. அதன் பிறகு 2021 செப்டம்பரில், இனிக் கட்டப்படும் விடுதிகளில் ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, ஒருவருக்கு 4.2 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது என்று புதிய விதி அறிவிக்கப்பட்டது. மலேசியாவில் ‘சட்டம் 446’ என்று அறியப்படும் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் 1990 ஆம் ஆண்டு முதல் இருந்து வந்தாலும், 2019 ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பிறகுதான் தோட்டம், சுரங்கம் தவிர்த்த மற்ற துறைகளுக்கும் விரிவடைந்து 2020 ஜூனில் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டங்களைப் பற்றி மிம்பரில் ஏன் பேச வேண்டும் என்று சிலர் எண்ணலாம். உங்கள் கையின் கீழ் இருக்கும் பணியாளர்கள் உங்கள் சகோதரர்களே. நீங்கள் உண்பதிலிருந்து அவர்களுக்கு உண்ணக் கொடுங்கள், உடுத்துவதிலிருந்து உடுத்தக் கொடுங்கள், சக்திக்கு மீறிய சுமையை அவர்கள் மீது சுமத்தாதீர்கள் என்னும் கருத்துப்பட ஹழ்ரத் அபூதர் (ரழி) அவர்களிடம் பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். உணவும் உடையும் சமம் என்றால், உறங்கும் இடம் மட்டும் விலங்கின் தொழுவமாக இருக்கலாமா? கூலிக்கு ஆள் அமர்த்தி வேலையை முழுமையாக வாங்கிக் கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடப் போவதாக அல்லாஹ் கூறும் ஹதீஸ் குத்ஸி புகாரியில் இருக்கிறது. ‘இருப்பிடம் இலவசம்’ என்று சொல்லி அழைத்துப் போய், இருக்கத் தகாத இடத்தைக் கொடுப்பவன் பேசிய கூலியில் ஒரு பங்கைப் பிடித்துக் கொள்பவனே அன்றோ!

மேல்வாடகை ஹலாலா?

இப்போது, பலருக்கும் கசப்பாக இருக்கக்கூடிய ஒரு விஷயத்துக்கு வருகிறேன். நம் பிள்ளைகளை நெருக்கி அடைப்பவர்கள் எப்போதும் அரபிகளோ கம்பெனிகளோ அல்லர். நம் ஊர்க்காரரே ஒரு ஃபிளாட்டை வாடகைக்கு எடுக்கிறார். ஹாலைப் பலகையால் மறிக்கிறார், பால்கனியையும் அடைக்கிறார், இரண்டடுக்குக் கட்டில்களை வரிசையாகப் போடுகிறார். ‘பெட் ஸ்பேஸ்’ என்று கட்டிலுக்குக் கட்டில் வாடகை வாங்குகிறார். நான்கு பேர் இருக்க வேண்டிய இடத்தில் பதினான்கு பேர். அவர் தம் வாடகை போக மாதந்தோறும் ஒரு தொகையை மிச்சம் பிடிக்கிறார். ‘ஹழ்ரத்! இது கூடுமா?’ என்று கேட்கிறார்கள்.

‘இஜாரா’ என்னும் வாடகைச் சட்டத்தை நம் ஃபிக்ஹு கிதாபுகள் தனிப் பாடமாக விளக்குகின்றன. துபாயில் 2010 முதல் நடைமுறையிலுள்ள வாடகை ஒப்பந்தப் பதிவுக்கும் ‘இஜாரி’ என்றே பெயர், அதே சொல்தான். வாடகை ஒப்பந்தம் சரியாக வேண்டுமானால் பெறப்போகும் பயன் எது, வாடகை எவ்வளவு, தவணை எத்தனை என்ற மூன்றும் இருவருக்கும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

எடுத்த வீட்டை இன்னொருவருக்கு மேல்வாடகைக்கு விடுவதைப் பொறுத்தவரை, லால்பேட்டை போன்ற ஊர்களில் நாம் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில், தான் கொடுக்கும் வாடகையைவிடக் கூடுதலாக வாங்கினால் அக்கூடுதலைத் தனக்கு வைத்துக் கொள்ளாமல் ஸதகா செய்துவிட வேண்டும். இடத்தில் ஏதேனும் ஒரு மேம்பாட்டைத் தன் செலவில் செய்திருந்தாலோ, வேறு இனமான பொருளை வாடகையாகப் பெற்றாலோ கூடுதல் தொகை ஆகுமானதாகும். பரங்கிப்பேட்டை போன்ற கடற்கரை ஊர்களில் நடைமுறையிலுள்ள ஷாஃபிஈ மத்ஹபில் கூடுதலாகப் பெறுவதற்கு அனுமதி உண்டு. ஆனால் இரண்டு மத்ஹபுகளிலும், இடத்திற்குக் கேடு விளைவிக்கும் வகையில் அதனைப் பயன்படுத்தும் உரிமை வாடகைக்கு எடுத்தவருக்கு இல்லை. குடும்பம் குடியிருக்கக் கொடுத்த வீட்டில் பதினான்கு பேரை அடைப்பது உரிமையாளர் சம்மதித்த பயன் அன்று.

‘மேம்பாடு’ என்று கிதாபில் சொல்லியிருப்பதைப் பிடித்துக் கொண்டு, ‘நான்தான் தடுப்புப் பலகை அடித்திருக்கிறேனே’ என்று ஒருவர் வாதிடலாம். சகோதரரே! வெளியேறும் வழியை அடைக்கும் பலகை மேம்பாடு அன்று, அது பொறி. தீங்கு செய்வதும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்பது நம் ஷரீஅத்தின் அடிப்படை விதி. ஜன்னலில்லாத தடுப்பறையில் ஒருவரைப் படுக்க வைத்து, அவருடைய உயிருக்கு ஆபத்து என்று தெரிந்திருந்தும் வாங்குகிற திர்ஹமில் என்ன பரக்கத்தை எதிர்பார்க்கிறீர்கள்?

அந்நாட்டின் சட்டமும் இதில் சேர்ந்து கொள்கிறது. உயிர்களைக் காப்பதற்காக ஓர் அரசு விதிக்கும் விதிக்குக் கட்டுப்படுவது அங்கே வாழ ஒப்புக் கொண்டு விசா பெற்றவரின் மீது கடமை. வாக்குகளை நிறைவேற்றுமாறு அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே கட்டளையிடுகிறது. துபாயில் 2022 செப்டம்பரில், ஒரு வீட்டில் உடன் தங்குவோர் ஒவ்வொருவரின் பெயரையும் பதிவு செய்ய வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. சிங்கப்பூரின் அரசு அடுக்குமாடி வீடுகளில் உறவினரல்லாதோர் ஆறு பேர்தான் தங்கலாம் என்றிருந்ததை, 2024 ஜனவரி 22 முதல் நான்கறை வீடுகளுக்கும் அதைவிடப் பெரியவற்றுக்கும் எட்டாக உயர்த்தினார்கள். ஆயினும் கட்டுமானத் துறையில் ஒர்க் பர்மிட்டில் இருக்கும் நம்மவர்களுக்கு அவ்வீடுகளை வாடகைக்குக் கொடுக்க அனுமதியில்லை. இவற்றை அறியாமல் அறை எடுத்தவர், ஒருநாள் அதிகாரிகள் வந்து நிற்கும்போது பெட்டியோடு தெருவில் நிற்கிறார். கொடுத்த அட்வான்ஸும் போகிறது. பெயர் பதிவில்லாதவருக்குத் தீ விபத்தில் ஒன்று ஆகிவிட்டால், அந்தக் கட்டிடத்தில் அவர் இருந்தார் என்று சொல்லவும் ஒரு காகிதம் இருக்காது.

மேல்வாடகைக்கு விடும் சகோதரர்களுக்குச் சொல்கிறேன்: உரிமையாளரின் சம்மதத்தையும் அரசின் அனுமதியையும் பெறுங்கள். அளவோடு ஆளை வையுங்கள். வெளியேறும் வழியைத் திறந்து வையுங்கள். வாங்கிய அட்வான்ஸ் அமானிதம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அப்படிச் செய்தால் புதிதாக வந்த ஒரு பிள்ளைக்கு இடம் கொடுத்த நன்மையும் உங்களுக்கு உண்டு.

அறைத் தோழமையின் ஒழுக்கம்

தங்குபவர்களுக்கும் கடமைகள் உள்ளன. வாடகைக்கு எடுத்த இடம் நம் கையில் அமானிதம். நம்முடைய அத்துமீறலோ அலட்சியமோ இன்றி அது சேதமடைந்தால் நம்மீது பொறுப்பில்லை. அலட்சியத்தால் சேதமடைந்தால் நாமே ஈடு செய்ய வேண்டும். கட்டிலுக்கடியில் கேஸ் அடுப்பை வைத்துச் சமைப்பதும், ஹீட்டரைப் போட்டுவிட்டு உறங்குவதும், மறைவில் புகைபிடித்து நெருப்பைக் குப்பையில் போடுவதும் அலட்சியமே.

ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த பெருமானார் (ஸல்) அவர்கள் தமக்கென அறைகள் கட்டப்படும் வரை ஹழ்ரத் அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரழி) அவர்களின் இல்லத்தில் தங்கினார்கள். நபிகளார் கீழ்த்தளத்திலும் அபூ அய்யூப் குடும்பத்தார் மேல்தளத்திலும் இருந்தனர். ஒருநாள் மேலே தண்ணீர்ப் பாத்திரம் உடைந்துவிட்டது. ஒரு சொட்டும் கீழே நபிகளார் மீது விழுந்துவிடக் கூடாதே என்று பதறி, தங்களிடமிருந்த ஒரே போர்வையைக் கொண்டு கணவனும் மனைவியும் அந்தத் தண்ணீரை ஒற்றியெடுத்தார்கள். அன்றிரவு அவர்கள் எதைப் போர்த்திக் கொண்டிருப்பார்கள்? மேல் கட்டிலில் படுப்பவர் கீழ்க் கட்டிலில் படுப்பவருக்குச் செய்ய வேண்டியதை இதைவிட அழகாக யாரால் கற்றுக் கொடுக்க முடியும்? அதிகாலை வேலைக்குப் போகிறவர் உறங்கும்போது சப்தமாகப் போனில் பேசாதிருப்பதும், பொதுக் கழிவறையைச் சுத்தமாக விட்டு வருவதும், மெஸ் முறையில் தன் நாளைத் தட்டிக் கழிக்காதிருப்பதும் வணக்கத்தின் பகுதிகளே.

வாடகைப் பங்கில் பலர் தவறிழைக்கின்றனர். ஆறு பேர் சேர்ந்து எடுத்த அறையில் இரண்டு மாதப் பாக்கியை வைத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு விமானம் ஏறிவிடுகிறார் ஒருவர். மீதி ஐந்து பேர் தங்கள் வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணத்திலிருந்து அதைக் கட்டுகிறார்கள். கடனாளியாக இறந்த ஒருவருடைய ஜனாஸாவுக்குத் தொழ வைக்க நபி (ஸல்) அவர்கள் முன்வராமல் இருந்து, ஹழ்ரத் அபூகதாதா (ரழி) அவர்கள் அக்கடனை ஏற்றுக் கொண்ட பின்னரே தொழ வைத்தார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. ஊர் வந்து ஹஜ்ஜுக்குப் பணம் கட்டினாலும் அந்த அறைக் கடன் உயிரோடுதான் இருக்கிறது.

இங்கே காலி அறைகள்

இப்போது நம் வீடுகளுக்கு வருவோம். அங்கே நான்கு முஸல்லா இடத்தில் ஒருவர் படுத்திருக்கிறார். இங்கே அவர் அனுப்பிய பணத்தில் மார்பிள் பதித்த மாடிவீடு எழும்பியிருக்கிறது. மாடியில் மூன்று அறைகள் பூட்டிக் கிடக்கின்றன; வாரம் ஒருமுறை தூசி தட்டுவதற்காக மட்டும் திறக்கப்படுகின்றன. கட்டியவர் அந்த வீட்டில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நாற்பது நாள் விருந்தாளி. பக்கத்து வீட்டில் பால்கனி எடுத்தார்கள் என்பதற்காக நாமும் எடுக்க, அந்தச் செலவுக்காக அவர் கொஞ்சம் விசாலமான அறையை விட்டுவிட்டு மலிவான கட்டிலுக்கு மாறுகிறார். அதை அவர் போனில் சொல்வதில்லை.

தாய்மார்களே! சகோதரிகளே! அவர் அனுப்பும் தொகையில் ஆயிரம் ரூபாய் குறைந்தால் ‘ஏன்?’ என்று கேட்கிறீர்கள். அறை மாறியதை என்றாவது கேட்டதுண்டா? ஹழ்ரத் உமர் (ரழி) அவர்கள், கணவன்மார் போர்முனையில் இருக்கப் பிரிவில் வாடும் மனைவியரின் நிலையைத் தம் மகளார் அன்னை ஹஃப்ஸா (ரழி) அவர்களிடம் கேட்டறிந்து, வீரர்கள் குடும்பத்தைப் பிரிந்திருக்கும் காலத்திற்கு எல்லை வகுத்தார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் ரிவாயத்துகளில் வந்துள்ளது. நாமோ இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு என்று நீட்டிக் கொண்டே போகிறோம். பிரிவைக் குறைக்க முடியாத குடும்பங்கள் தேவையையாவது குறைத்துக் கொள்ளலாமே!

அடுத்த முறை வீடியோவில் பேசும்போது கேளுங்கள்: எத்தனையாவது மாடி? அறையில் எத்தனை பேர்? ஜன்னல் இருக்கிறதா, திறக்கிறதா? படிக்கட்டு எந்தப் பக்கம்? மாடிக் கதவு பூட்டியிருக்கிறதா? அடுப்பு அறைக்குள்ளேயா? பாஸ்போர்ட் யாரிடம்? இந்த ஏழு கேள்விகளைக் கேட்க ஐந்து நிமிடம் போதும். பதில் சரியில்லையென்றால், ‘பணம் குறைந்தாலும் பரவாயில்லை, நல்ல இடமாகப் பாருங்கள்’ என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் காத்திருக்கக்கூடும்.

முன்னோர் காட்டிய வழி

சபர் நமக்குப் புதிதன்று. மஹ்மூது பந்தர் என்று பெயர் பெற்ற பரங்கிப்பேட்டைத் துறையிலிருந்து நம் முன்னோர் பாய்மரக் கப்பல்களில் மலாய்க் கரைக்குப் போனார்கள். சூலியாக்கள் என்று அங்கே அழைக்கப்பட்டார்கள். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சூலியா தெரு இன்றும் இருக்கிறது. சிங்கப்பூரில் தமிழர்கள் கூடித் தங்கிய இடங்களுக்குக் கிட்டங்கி என்று பெயர். பகலில் சரக்கும் கணக்கும். இரவில் அதே தரையில் பாய். வசதி குறைவுதான். ஆனால் புதிதாக வந்தவருக்கு வேலை கிடைக்கும் வரை சோறு உண்டு. நோயுற்றால் பார்ப்பதற்கு ஆளுண்டு. மௌத்தானால் கஃபனிட்டு அடக்க ஜமாஅத் உண்டு. பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801 இலும், சிங்கப்பூரின் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் 1826 இலும் எழும்பியதற்குக் காரணம் அந்தக் கூட்டு வாழ்வுதான். தங்க இடம் தேடிப் போனவர்களே பிறர் தொழ இடம் வக்ஃபு செய்தார்கள்!

அதற்கும் முன்மாதிரி மஸ்ஜிதுன் நபவியிலேயே இருக்கிறது. வீடும் உறவும் இன்றி மதீனா வந்தவர்களுக்காகப் பள்ளியின் ஒரு பகுதியில் கூரை போடப்பட்டது. அதுவே ஸுஃப்ஃபா. ஹழ்ரத் அபூஹுரைரா (ரழி) அவர்கள் அங்கே தங்கியவர்தாம். இருவருக்கு உணவுள்ளவர் அவர்களில் ஒருவரை மூன்றாமவராக அழைத்துச் செல்லட்டும் என்னும் கருத்தில் நபிகளார் ஏவினார்கள். மதீனாவின் மிகப் பெரிய பொறுப்பாளர், இடமற்ற அந்நியர்களைத் தம் கண்பார்வையிலேயே வைத்திருந்தார்கள்.

ஆகவே நம் ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள். பயணம் புறப்படும் பிள்ளை ஸலாம் சொல்ல வரும்போது துஆ செய்து அனுப்புவதோடு நில்லாமல், அவருடைய ஒப்பந்த நகலையும் பாஸ்போர்ட் நகலையும் ஜமாஅத்தில் ஒன்று வாங்கி வைப்போம். அந்த நாட்டில் இருக்கும் ஊர்ச் சங்கத்தார் ஒருவர் அவருடைய அறையை ஒருமுறை நேரில் பார்த்து வரட்டும். பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் குடியேற்ற அனுமதி முத்திரையின்றி சுற்றுலா விசாவில் வேலைக்குப் போவதைத் தடுப்போம். அப்படிப் போனவருக்குத் தங்குமிடத்தைச் சட்டப்படி கேட்கும் உரிமையே இல்லாமல் போகிறது. அனுமதி பெற்றுச் செல்வோருக்காக 2003 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரவாசி பாரதீய பீமா யோஜனா காப்பீட்டையும், தமிழக அரசின் அயலகத் தமிழர் நல வாரியத்தில் உறுப்பினராகும் முறையையும் படித்த இளைஞர்கள் ஜும்ஆவுக்குப் பின் அரை மணி நேரம் உட்கார்ந்து விளக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊருக்குப் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கட்டிட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் வந்திருக்கும் பிள்ளைகள் எங்கே படுக்கிறார்கள்? நம்முடைய கடை மாடியிலா? தகரக் கொட்டகையிலா? அங்கே நம் மகனுக்கு எதைக் கேட்கிறோமோ அதை இங்கே அவர்களுக்கு நாம் கொடுத்திருக்கிறோமா? தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்பாதவரை ஈமான் நிறைவடையாது என்று கற்றவர்கள் நாம். இங்கே அளந்து கொடுப்பதே அங்கே நமக்கு அளந்து தரப்படும் என்று அஞ்சுவோமாக!

யா அல்லாஹ்! கடல் கடந்து உழைக்கும் எங்கள் பிள்ளைகளின் உயிரையும் மானத்தையும் ஈமானையும் காப்பாயாக! அவர்கள் தலை சாய்க்கும் இடத்தை அச்சமற்ற ஸகனாக ஆக்குவாயாக! தீயிலும் நோயிலும் விபத்திலும் அந்நிய மண்ணில் உயிர் நீத்தோரின் குடும்பங்களுக்கு ஆறுதலையும் ஆதரவையும் தருவாயாக! இறந்த முஃமின்களின் பாவங்களைப் பொறுத்து, அவர்களின் கப்ரை விசாலமாக்குவாயாக! பிரிந்திருக்கும் குடும்பங்களை ஸலாமத்தாக ஒன்று சேர்ப்பாயாக! பிறருடைய இருப்பிடத்தில் அநியாயம் செய்பவர்களாக எங்களை ஆக்கிவிடாதே!

ஆமீன்! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!